“எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கு டெஸ்ட்?”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை முகாம். சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர்களையும் பி.பி. பார்க்க வந்தவர்களையும் நர்ஸம்மா ஒவ்வொருவராக அழைக்கிறார். “கர்ப்பப்பை வாய் டெஸ்ட் ஒண்ணு எடுத்துக்கோங்கக்கா, அஞ்சு நிமிஷம்தான்.” அடிக்கடி வரும் பதில் இது: “எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கு?”

இதை அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு இது நியாயமான கேள்வியாகவே படுகிறது. வலி வந்தால் டாக்டரிடம் போவது நமக்குத் தெரிந்த வழக்கம். வலியே இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, மேசையில் படுக்கவைத்து, மறைவிடத்தைச் சோதிக்க வேண்டும் என்று அரசாங்கம் கேட்டால், ஏன் எதற்கு என்று விளக்குகிற பொறுப்பும் அரசாங்கத்துக்குத்தான். அந்த விளக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும், அது இல்லாமல் போன இடங்களில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். கர்ப்பப்பையின் அடிப்பகுதி குறுகி, பிறப்புறுப்புக்குள் திறக்கும் இடம்தான் கர்ப்பப்பை வாய். அங்கே வரும் புற்றுநோய்க்கு அநேகமாக எப்போதும் ஒரு வைரஸ்தான் காரணம். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பது முழுப்பெயர், எச்.பி.வி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோய் வரை இழுத்துப்போகக்கூடியவை அவற்றில் சுமார் 14 மட்டும். அதிலும் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம்.

உடலுறவு வழியாக இது பரவுகிறது. அந்த உறவு உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை வந்துபோயிருக்கும். சளி பிடித்து விடுவதுபோல, தானாகவே போய்விடும். பத்துக்கு ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடுகிறது. மிச்சமுள்ள சிலரிடம் தங்கிவிடும்போதுதான் சிக்கல். தங்கிய இடத்தில் செல்கள் மெல்ல மெல்ல உருமாறும். அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் ஆகும். எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 வருஷத்திலேயே வந்துவிடலாம்.

நர்ஸம்மா சொல்ல வேண்டிய பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அத்தனை வருஷமும் வலி இருக்காது, ரத்தம் வராது, ஒன்றுமே தெரியாது. ஆனால் செல்கள் மாறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால், மாறிய இடத்தை மட்டும் உறையவைத்தோ சுட்டோ வெட்டியோ அகற்றிவிடலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘டெஸ்டுக்குப் போனா கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிடுவாங்க’ என்கிற பயம் ஊரில் இருக்கிறது. வெள்ளைப்படுதலுக்கெல்லாம் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிற கொடுமை நம் நாட்டில் நடந்திருப்பதால், அந்தப் பயத்தைக் குறைசொல்லவும் முடியாது.

ஆக, ‘ஒண்ணுமில்லை’ என்கிற காலம்தான் டெஸ்டுக்கு உரிய காலம். நோய் இருப்பதாகச் சந்தேகமே இல்லாதவர்களைக் கூட்டமாகச் சோதித்து, கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்களைப் பிரித்தெடுப்பதற்குத்தான் ஸ்கிரீனிங் என்று பெயர். உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிலக்கு நின்று பல மாதம் கழித்து மறுபடி ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் எல்லாம் வந்துவிட்டால் அது வேறு விஷயம். அப்போது முகாமுக்குக் காத்திருக்கக் கூடாது. போன வருஷம்தான் டெஸ்ட் எடுத்தேன், நார்மல் என்றார்கள் என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

டெஸ்டில் மூன்று விதம் உண்டு. பழையது பாப் ஸ்மியர்: கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலைபார்த்த ஜார்ஜ் பாப்பனிகொலாவின் பெயரால் வந்த ‘பாப்’ அது. இரண்டாவது வி.ஐ.ஏ.: வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசலாகத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறிய செல்கள் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். செலவு குறைவு, லேப் வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துச் சொல்லிவிடலாம். நம் ஊர் முகாம்களில் நடந்துவந்தது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது எச்.பி.வி. டெஸ்ட்: வைரஸே இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றிலும் துல்லியமானது, விலையும் கூடியது. மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

வி.ஐ.ஏ. பற்றி முகாமில் அதிகம் சொல்லப்படாத ஒன்று: மாதவிலக்கு நின்ற பிறகு அதன் நம்பகம் குறைகிறது. செல்கள் மாறும் பகுதி வயதாக ஆக உள்ளே போய்விடுவதால் கண்ணுக்குப் படாது. 2016இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதல் 30 முதல் 65 வயதுவரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. என்கிறது. அறுபது வயது அம்மாவுக்கு எடுக்கிறார்கள் என்றால், ‘இந்த வயசுக்கு இந்த டெஸ்ட் சரியா வருமா, வேற எடுக்கணுமா?’ என்று கூடப் போகிறவர் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். முடிவு ‘நெகட்டிவ்’ என்று வந்தால் என்ன அர்த்தம்?

அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முறத்தில் பரப்பி, கண் வலிக்கப் பார்த்துப் பொறுக்கினாலும், என்றைக்காவது ஒரு நாள் சோற்றில் கல் கடிபடும். பொறுக்கியதே வீண் என்று யாரும் சொல்வதில்லை. கல்லே வராது என்று சத்தியம் செய்வதுமில்லை. அயர்லாந்து அரசின் ஸ்கிரீனிங் திட்டம் பெண்களுக்குத் தரும் கணக்கு இதையே எண்ணில் சொல்கிறது. 1,000 பெண்களைச் சோதித்தால் சுமார் 20 பேருக்குச் செல் மாற்றம் இருக்கும். பாப் ஸ்மியர் வகை டெஸ்ட் அதில் 15 பேரைக் கண்டுபிடிக்கும், 5 பேரைத் தவறவிடும். எச்.பி.வி. டெஸ்டை முதலில் வைத்தால் 18 பேரைக் கண்டுபிடிக்கும், 2 பேர் தப்பிவிடுவார்கள். இதனால்தான் ஒருமுறை எடுத்தால் போதாது, சில வருஷ இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். நோய் மெதுவாக நகர்வதால், முதல்முறை தவறியதை அடுத்தமுறை பிடித்துவிட வாய்ப்பு உண்டு.

அயர்லாந்தே இந்தப் பாடத்தைக் கசப்பாகத்தான் கற்றது. அங்கே ‘செர்விக்கல்செக்’ என்ற அரசுத் திட்டம் 2008இல் தொடங்கியது. லிமெரிக்கில் வாழ்ந்த விக்கி ஃபெலன் என்ற பெண் 2011இல் டெஸ்ட் எடுத்தார். நார்மல் என்று முடிவு வந்தது. 2014இல் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. புற்றுநோய் வந்த பெண்களின் பழைய ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் தணிக்கை ஒன்றை அந்தத் திட்டம் நடத்திவந்தது. நல்ல வழக்கம்தான். விக்கியின் 2011 ஸ்லைடில் இருந்த மாற்றம் தவறவிடப்பட்டது என்று அந்தத் தணிக்கையில் தெரியவும் வந்தது. ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து, 2017இல்தான் அவருக்குத் தெரிந்தது.

அவர் வழக்குப் போட்டார். 2018 ஏப்ரலில், ஸ்லைடைப் பார்த்த அமெரிக்க ஆய்வகம் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 25 லட்சம் யூரோ இழப்பீட்டுக்குச் சமரசமானது. வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனையில் கையெழுத்துப் போட விக்கி மறுத்துவிட்டார். அந்த மறுப்பால்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. பழைய டெஸ்டில் வேறு முடிவு வந்திருக்கக்கூடும் என்று தணிக்கையில் தெரிந்த பெண்கள் 209 பேர் என்றார்கள், பிறகு அது 221 ஆனது. முதலில் சொன்ன 209 பேரில் 162 பேருக்குத் தகவலே போயிருக்கவில்லை. எந்த நோயாளியிடம் சொல்வது என்பதை டாக்டர்களே யோசித்து முடிவெடுக்கலாம் என்று விட்டிருந்தார்கள். இறந்துபோன பெண் என்றால் கேஸ் ஷீட்டில் குறித்துவைத்தால் போதும் என்று சுற்றறிக்கை போயிருந்தது. அதைப் படித்த குடும்பத்தாருக்கு எப்படி இருந்திருக்கும்!

விசாரித்த டாக்டர் கேப்ரியல் ஸ்காலி 2018 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார். மொத்த அமைப்பே தோற்றது என்பது அவர் முடிவு. ஸ்லைடு பார்ப்பதில் தவறே நேராத ஸ்கிரீனிங் எந்த நாட்டிலும் கிடையாது. அதில் சில கவனக்குறைவால் நேர்ந்தவை, சில அந்த டெஸ்டின் இயல்பிலேயே உள்ளவை. ‘இந்த டெஸ்ட் சிலரைத் தவறவிடும், உங்களைத் தவறவிட்டிருந்தால் நாங்களே வந்து சொல்வோம்’ என்று முதல் நாளே சொல்லி, சொன்னபடி நடந்துகொண்டிருந்தால் நாடே அப்படிக் கொந்தளித்திருக்காது என்று நினைக்கிறேன். நடந்ததோ வேறு. பதறிய பெண்களுக்கு இலவசமாக மறுபடி டெஸ்ட் எடுக்க அரசு முன்வந்தது, மாதிரிகள் மலைபோலக் குவிந்து, முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. 2020இல் எச்.பி.வி. டெஸ்டுக்கு மாறினார்கள். பெரிய பாதிப்பு நேர்ந்தால் நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று 2023இல் சட்டமும் வந்தது. விக்கி அதைப் பார்க்கவில்லை. 2022 நவம்பரில் இறந்துவிட்டார்.

பெண்களிடம் சொல்லாமல் விட்டதற்கு இதைவிடப் பழைய, இதைவிட மோசமான கதை நியூசிலாந்தில் உண்டு. ஆக்லாந்தின் தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், மாறிய செல்கள் புற்றுநோயாக ஆகாது என்று நம்பினார். 1966இலிருந்து சில பெண்களுக்கு முறையான சிகிச்சை தராமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தாங்கள் ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறோம் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இருவர் 1987இல் பத்திரிகையில் எழுதி வெளிக்கொண்டுவந்தார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை தந்தார். நோயாளி உரிமைச் சட்டமும் தேசிய ஸ்கிரீனிங் திட்டமும் அங்கே அதன் பிறகுதான் வந்தன. போதிய சிகிச்சை பெறாத பெண்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு 30 வருஷத்தில் புற்றுநோய் வந்தது, முறையான சிகிச்சை பெற்றவர்களில் ஒரு சதவீதம்கூட இல்லை என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. முற்றிய செல் மாற்றத்தைச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்லும் கணக்கு, அந்தப் பெண்கள் அறியாமலே கொடுத்த விலை.

சரி, நம் பக்கம். வி.ஐ.ஏ. உயிரைக் காக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கையில் உள்ள ஒரு கிறிஸ்தவ சமுதாய நல மையத்தை மையமாக வைத்து, 2000த்திலிருந்து 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஆய்வு நடந்தது. 57 பகுதிகளில் டெஸ்ட், 57 பகுதிகளில் டெஸ்ட் இல்லை. 31,343 பெண்கள் டெஸ்ட் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்களே பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஏழு வருஷத்தில், டெஸ்ட் இல்லாத பகுதிகளைவிட டெஸ்ட் நடந்த பகுதிகளில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007இல் வெளியான இந்த முடிவு ஏழை நாடுகள் பலவற்றின் கொள்கைக்கு ஆதாரம்.

அந்த ஆய்வில் டெஸ்ட் எடுத்தவர்களில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, ‘பாசிட்டிவ்’ வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. வெள்ளையாகத் தெரிந்தது சாதாரண அழற்சியாகவும் இருக்கலாம், தானே சரியாகிவிடும் மாற்றமாகவும் இருக்கலாம். ‘பாசிட்டிவ்’ என்றால் ‘இன்னும் கொஞ்சம் உற்றுப்பார்க்க வேண்டும்’ என்பதுதான் பொருள். இதை டெஸ்டுக்கு முன்பே சொல்லிவைக்காவிட்டால், அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பயந்து அடுத்த பரிசோதனைக்கே வராமல் போகிறவர்கள் உண்டு. ஸ்கிரீனிங்கின் பலனே அந்த இரண்டாவது வருகையில்தான் இருக்கிறது.

டெஸ்ட் இல்லாத அந்த 57 பகுதிப் பெண்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் இதேபோல நடந்த ஆய்வுகளோடு சேர்த்து இது பின்னாளில் பெரிய சர்ச்சையானது. பயன் தெரிந்த பாப் ஸ்மியர் உலகில் இருக்கும்போது, அதைத் தராமலும் தெளிவாகச் சொல்லாமலும் ஒரு பகுதிப் பெண்களை வெறுமனே கண்காணித்தது சரியா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா போன்றவர்கள் கேட்டார்கள். அன்றைக்கு அந்தக் கிராமங்களில் எந்த டெஸ்டும் இல்லாததுதான் நடைமுறை, ஆய்வு இல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது என்பது ஆய்வாளர்கள் தரப்பு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் மனம் கேள்வி கேட்டவர்கள் பக்கம்தான் சாய்கிறது. தராமல் இருப்பதற்குப் பணம் இல்லை என்று காரணம் சொல்லலாம். சொல்லாமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

தடுப்பூசியிலும் இதே கதைதான். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் செயல்விளக்கத் திட்டத்தை ‘பாத்’ என்ற அமெரிக்க அமைப்பு மாநில அரசுகளோடு சேர்ந்து நடத்தியது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவங்களில் ஆயிரக்கணக்கானவற்றில் விடுதி வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் சுட்டிக்காட்டியது. இடையில் ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் தெரியவில்லை. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்றவை அதில் இருந்தன. ஆனால் பெற்றோரிடம் கேட்காமலே போட்ட ஊசி என்று ஆனபிறகு அந்த விளக்கத்தை யார் நம்புவார்கள்? நல்ல ஊசிதான். அதன் மேல் விழுந்த சந்தேகம் வருஷக்கணக்கில் நீங்கவில்லை.

2018இல் சிக்கிம் வேறு வழியில் போனது. ஊசியை வெளியே எடுக்கும் முன் ஆசிரியர்கள், பெற்றோர், டாக்டர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டு, பிறகு பள்ளிகளில் போட்டார்கள். ஏறத்தாழ 97 சதவீதச் சிறுமிகள் போட்டுக்கொண்டார்கள். தடுப்பூசி போட்ட பெண்ணும் முப்பது வயதுக்கு மேல் டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் எட்ட மூன்று இலக்குகள் வைத்திருக்கிறது: 90 சதவீதச் சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் ஊசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45க்குள் மறுமுறையும் தரமான டெஸ்ட், நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. இந்தியாவில் 2022இல் புதிதாக நோய் வந்தவர்கள் சுமார் 1.27 லட்சம் பேர், இறந்தவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது டெஸ்ட் எடுத்தவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாம்தான் முன்னணி என்று பெருமைப்படலாம், பத்தில் ஒன்பது பேர் பாக்கி என்பதை மறைத்துக்கொண்டு. இந்தக் கணக்குகள் எல்லாமே எத்தனை ஊசி, எத்தனை டெஸ்ட் என்று எண்ணுகின்றன. எத்தனை பேருக்கு விஷயம் புரிந்தது என்று எண்ணுவதற்குப் பத்தியே இல்லை.

இனி எச்.பி.வி. டெஸ்ட் பரவலாகும்போது புதிதாக ஒரு சங்கடம் வரும். ‘உடலுறவால் பரவும் வைரஸ், உங்களுக்குப் பாசிட்டிவ்’ என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அவர் வீட்டில் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று இந்த டெஸ்ட் சொல்லாது. கல்யாணமான புதிதில் கணவரிடமிருந்து வந்தது இருபது வருஷம் கழித்துத் தெரியலாம். நடத்தைக்கும் இதற்கும் முடிச்சுப் போட முடியாது. ‘சுத்தமா இல்லாததால வருது’ என்ற பேச்சும் அப்படித்தான், நோய் வந்தவரையே குற்றவாளியாக்குவது. முடிவோடு இதையும் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால் பல வீடுகளில் சண்டை மிச்சம்.

அந்த இரண்டு வரி யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முகாமில் பதிவு செய்யும்போது போன் நம்பர் கேட்பார்கள். நிறைய அக்காக்கள் வீட்டுக்காரர் நம்பரையோ மகன் நம்பரையோதான் சொல்வார்கள். ‘ரிசல்ட்டை இந்த நம்பருக்கு அனுப்பலாமா, இல்லை நீங்களே வந்து வாங்கிக்கிறீங்களா?’ என்று நர்ஸம்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளலாம்.